நாஸ் டிரைவ் அடிக்கடி அறுபடுகிறதா? விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கு முன்னால்

கேள்வி சுருக்கமாக இது. மதுரை சிம்மக்கல் பக்கம் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டூடியோ. நான்கு கணினிகள், எல்லாவற்றிலும் விண்டோஸ். அதில் ஒன்று சமீபத்தில் வாங்கிய லேப்டாப். நடுவில் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாக எல்லோரும் பொதுவாக ஃபைல் வைக்கும் பெட்டி. எல்லாக் கணினியிலும் அது இசட் டிரைவாக மேப் ஆகியிருக்கிறது, அதாவது கணினியின் சொந்த டிரைவ் போலவே தெரிகிறது. காலையில் கணினியைப் போட்டதும் நெட்வொர்க் டிரைவுகளை இணைக்க முடியவில்லை என்று ஒரு செய்தி. பகலில் இசட் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் மொத்த கிளிப்பும் மீடியா ஆஃப்லைன், அதாவது ஃபைலைக் காணோம், என்று ஆகிவிடுகிறது. புது லேப்டாப்பில் நாஸ் திறக்கவே மாட்டேன் என்கிறது. சர்வீஸுக்கு வந்தவர் விண்டோஸை இரண்டு முறை போட்டுக் கொடுத்தும் அப்படியேதான் இருக்கிறது. நாஸையே மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். விண்டோஸை மூன்றாவது முறை போடவும் விடாதீர்கள். ஒரே கோளாறு என்று நீங்கள் எழுதியிருப்பதில் தனித்தனியாக நான்கு விஷயம் இருக்கிறது. இரண்டு வெறும் எரிச்சல். ஒன்று விண்டோஸின் புதிய கெடுபிடி. நடு வேலையில் அறுந்துபோகிறதே, அது மட்டும்தான் உண்மையான கோளாறு. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காட்டினால் வருகிறவர் கை விண்டோஸ் மேல்தான் போகும். அவருக்குத் தெரிந்த சுலபமான வேலை அதுதான்.

எரிச்சல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். காலையில் வரும் செய்தி ஏன் என்றால், நீங்கள் லாகின் ஆன உடனே விண்டோஸ் மேப் செய்த டிரைவைத் தேடுகிறது. அந்த நேரத்தில் நெட்வொர்க் இன்னும் முழுசாகக் கிளம்பியிருக்காது. வைஃபையில் இருக்கும் கணினியில் இது கிட்டத்தட்ட தினசரிக் கதை. இசட்டை டபுள் கிளிக் செய்தால் திறக்கிறதா? திறந்தால் அந்தச் செய்தியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். கண்ணை உறுத்துகிறது என்றால், விண்டோஸ் புரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனுக்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்று போங்கள். 'ஆல்வேஸ் வெயிட் ஃபார் தி நெட்வொர்க்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் செய்யுங்கள். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது. அங்கே 'நெட் யூஸ்' கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி, லாகின் ஆகி அரை நிமிடம் கழித்து ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வையுங்கள். அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடட்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக மேப் செய்த டிரைவ் சாதாரண எக்ஸ்ப்ளோரர் கண்ணில் படாது. டிரைவ் வரவில்லை என்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

சிவப்புப் பெருக்கல் குறியும் பல சமயம் வெறும் பூச்சாண்டிதான். யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் இணைப்பை விண்டோஸ் விட்டுவிடும், தொட்டால் தானே மறுபடி பிடித்துக்கொள்ளும். நாஸுக்குப் பதில் ஒரு விண்டோஸ் கணினியின் ஃபோல்டரையே ஷேர் செய்து வைத்திருக்கும் இடங்களில் இந்தக் கெடு 15 நிமிடம். அது விண்டோஸோடு வரும் வழக்கமான அமைப்பு. நாஸில் இதோடு இன்னொன்றும் சேரும். வேலை இல்லாத நேரத்தில் ஹார்டு டிஸ்க்கைத் தூங்க வைக்கும் வசதி பெரும்பாலான நாஸ்களில் இருக்கிறது. தூங்கின டிஸ்க் எழுந்து சுழல ஆரம்பிக்கப் பல விநாடி ஆகும். அதுவரை எக்ஸ்ப்ளோரர் உறைந்து நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலில் இசட்டைத் திறக்கிறவருக்கு மட்டும் இப்படி ஆகிறது என்றால் காரணம் இதுதான். நாஸ் அமைப்பில் ஹைபர்னேஷன் நேரத்தை நீட்டுங்கள், இல்லையென்றால் அணைத்தே விடுங்கள். நாள் முழுக்க ஓடும் ஸ்டூடியோவில் அதனால் மிச்சமாகும் கரண்ட் ஒன்றும் பெரிதில்லை.

சரி, நிஜக் கோளாறுக்கு வருவோம். அடுத்த முறை ஒருவர் திரையில் மீடியா ஆஃப்லைன் வந்தால் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும். முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மற்ற கணினிகளில் இசட்டைத் திறந்து பாருங்கள். எல்லோருக்கும் போயிருந்தால் நாஸ், நெட்வொர்க் கேபிள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி, இல்லை அவற்றுக்குப் போகும் மின்சாரம். ஒருவருக்கு மட்டும் போயிருந்தால் அந்தக் கணினி, அதன் கேபிள், சுவிட்சில் அது செருகியிருக்கும் போர்ட். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த அமைப்பை மாற்றினாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் பிங் ஓட விடுங்கள். எதிர்ப்பக்கச் சாதனம் பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை அது. அடிக்கடி அறுபடும் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் ஐபி முகவரிக்கும் இன்னொன்றில் நாஸின் ஐபி முகவரிக்கும் பிங் கொடுங்கள். முகவரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். வேலை நேரம் முழுக்க ஓரமாகக் கிடக்கட்டும். டிரைவ் போகும் நொடியில் இரண்டும் பதில் வராமல் நின்றால் அந்தக் கணினி பக்கமோ சுவிட்சோ. ரூட்டர் பதில் சொல்லி நாஸ் மட்டும் சொல்லாவிட்டால் நாஸ், நாஸின் கேபிள், அல்லது முகவரித் தகராறு. இரண்டும் ஜோராகப் பதில் சொல்லும்போதே இசட் திறக்கவில்லை என்றால் கம்பி நன்றாக இருக்கிறது. நாஸுக்குள் டிஸ்க் திணறுகிறது, அல்லது யூசர் பெயர், பாஸ்வேர்டு விவகாரம். கேபிளில் இருக்கும் கணினிக்கு நாஸிடமிருந்து பதில் ஒரு மில்லி செகண்டுக்குள் வந்துவிட வேண்டும். நூறு, இருநூறு என்று எகிறினால் அதுவே ஒரு துப்பு.

விண்டோஸும் தன் பங்குக்கு எழுதி வைக்கிறது, நாம்தான் திறந்து பார்ப்பதில்லை. ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எஸ்எம்பி கிளையன்ட், கனெக்டிவிட்டி என்று இறங்குங்கள். எஸ்எம்பி என்பது ஃபைலைப் பரிமாறிக்கொள்ள விண்டோஸும் நாஸும் பேசும் மொழி. 30804 என்ற எண் வந்தால் நெட்வொர்க் இணைப்பு அறுந்தது. 30807 என்றால் ஷேரோடு இருந்த தொடர்பு போனது, 30808 என்றால் அது திரும்பி வந்தது. 30803 என்றால் இணைப்பை ஏற்படுத்தவே முடியவில்லை. இந்த நேரங்களை நாஸின் லாக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும் முன் நாஸின் கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்தபடியே வேறு ஏதோ நாட்டு நேரத்தில் ஓடும் நாஸ்கள் நிறைய. ஐந்தரை மணி நேரம் தள்ளி எழுதிய லாக்கை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகிறது என்றால் என் முதல் சந்தேகம் மின்சாரம். கணினிக்கு யூபிஎஸ் இருக்கும். நாஸுக்கும் இருக்கும். ஆனால் மூலையில் கிடக்கும் எட்டு போர்ட் சுவிட்சின் குட்டி அடாப்டர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பல இடத்தில் அது சாதாரண சாக்கெட்டில், டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கும். லைட் ஒரு நொடி மினுக்கினால் போதும், சுவிட்ச் அணைந்து மறுபடி எழும். கணினி எதுவும் அணையாததால் கரண்ட் போனதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்; ஆனால் அந்தச் சில விநாடியில் எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃபைலைக் காணோம் என்று கைவிட்டிருக்கும். நாஸ் செருகியிருப்பது சுவிட்சில் இல்லாமல் ரூட்டரிலேயே என்றால் இன்னும் மோசம். ரூட்டர் முழுதாக எழுந்து வர ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். ஆகவே நாஸ், சுவிட்ச், ரூட்டர் மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தே கொஞ்சம்தான் கரண்ட் எடுக்கும். தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் பின்பக்கத்தில் யூபிஎஸ் மோடு என்று ஒரு பொத்தான் இருக்கும், அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் நீளம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, சுவிட்சுக்குத் தெரியும்.

இதோடு ஒட்டி இன்னொன்று. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் உங்கள் யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. பேட்டரி தீர்ந்ததும் நாஸ் பொட்டென்று அணையும். அப்படி முறையில்லாமல் அணைந்த நாஸ், அடுத்து எழுந்ததும் டிஸ்க்குகள் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கத் தொடங்கிவிடும். பெரிய டிஸ்க் என்றால் அது பல மணி நேரம் ஓடும். அன்றைக்கு முழுக்க இசட் இழுத்துப் பறித்துக்கொண்டு வேலை செய்யும். மறுநாள் டிரைவ் மறுபடி அறுபடுகிறது என்று புகார் வரும். யூபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போட்டால் இந்தத் தொல்லை இல்லை: பேட்டரி குறையும்போது நாஸ் தானே முறையாக அணைந்துகொள்ளும். உங்கள் நாஸ் மாடலோடு ஒத்துப்போகும் யூபிஎஸ்தானா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நாஸின் லாக்கில் முறையற்ற ஷட்டவுன் என்ற வரி கரண்ட் போகாத நாளிலும் இருந்தால் நாஸின் சொந்த அடாப்டர் மேல் சந்தேகப்படுங்கள். பழசான அடாப்டர் சும்மா இருக்கும்போது தாக்குப்பிடிக்கும். இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகச் சுழலும்போது வோல்டேஜ் இறங்கி நாஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகும். புது அடாப்டர் வாங்கும்போது வோல்டேஜ் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்க வேண்டும். பின்னின் முனை எது பிளஸ் என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் போகிறது என்றால் முதலில் கேபிள். கிகாபிட் வேகத்துக்கு நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பியும், அதாவது நான்கு ஜோடியும், உயிரோடு இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். எனவே ஒரு கம்பி சரியாகக் கடிக்காமல் போனாலும் இணைப்பு சாகாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், அல்லது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு ஒரு கணம் அறுபடும். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸிலும் நாஸின் நெட்வொர்க் பக்கத்திலும் வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் சுவிட்சில் 100 என்று காட்டினால் வேறு எதையும் தேட வேண்டாம், கேபிளைக் கவனியுங்கள். அறுபடும் கணினியின் கேபிளையும் அறுபடாத கணினியின் கேபிளையும் சுவிட்ச் முனையில் இடம் மாற்றுங்கள். கோளாறு இன்னொரு கணினிக்குத் தாவினால் சுவிட்ச் போர்ட் கெட்டது. அதே கணினியோடு இருந்தால் கேபிள் அல்லது கணினியின் நெட்வொர்க் கார்டு. கடையிலிருந்து ஒரு நல்ல ரெடிமேட் கேபிளைத் தரையில் விரித்துப் போட்டு ஒரு நாள் ஓட்டினால் அதுவும் தெரிந்துவிடும்.

கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். விலை குறைவு என்று கடையில் தருவது பெரும்பாலும் அலுமினியக் கம்பி மேல் செம்பு முலாம் பூசியது. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், கையில் எடுத்தால் எடையும் குறைவு. அது கிரிம்ப் செய்த இடத்தில் சீக்கிரம் முறியும், நீளம் கூடினால் வேகம் தாங்காது. முழுச் செம்பு கேட் 6 என்று கேட்டு, சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். டவுன்ஹால் ரோட்டிலும் சரி, வேறெங்கும் சரி, சுரண்டிப் பார்ப்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. ஃபால்ஸ் சீலிங் மேல் போகும் கேபிள் என்றால் எலியை மறக்காதீர்கள். மொட்டை மாடி வழியாகப் பக்கத்துக் கட்டிடத்துக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தால், ஐப்பசி இடிமழைக்கு முன்னால் அதை ஃபைபருக்கு மாற்றுவது நல்லது. மின்னல் பக்கத்தில் எங்கோ விழுந்தாலே போர்ட் பாதி செத்து நிற்கும். முழுதாகச் சாகாத போர்ட்தான் கண்டுபிடிக்கக் கடினமானது.

ரூட்டர் பதில் சொல்கிறது, நாஸ் மட்டும் விட்டு விட்டுக் காணாமல் போகிறது, கேபிளும் கரண்டும் நன்றாக இருக்கிறது என்றால் முகவரித் தகராறைப் பாருங்கள். உங்கள் நாஸுக்கு ரூட்டர் 192.168.1.50 என்று ஒரு முகவரி கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். கேமரா மாட்ட வந்தவர் அதன் பதிவுப் பெட்டியான டிவிஆருக்கோ, விரல் ரேகை வருகைப் பதிவுப் பெட்டிக்கோ அதே எண்ணைக் கையால் போட்டுவிட்டுப் போயிருப்பார்; அவர் பார்த்த நேரத்தில் நாஸ் அணைந்திருக்கும், எண் காலியாகத் தெரிந்திருக்கும். ஒரே கதவிலக்கம் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று கொடுப்பதுபோல, உங்கள் கணினி கொஞ்ச நேரம் நாஸோடும் கொஞ்ச நேரம் டிவிஆரோடும் பேசும். கண்டுபிடிக்கும் வழி சுலபம். நாஸ் ஒழுங்காக இருக்கும்போது கமாண்ட் பிராம்ப்டில் 'ஏஆர்பி' கட்டளையை, சிறுகோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்து ஓட்டி, நாஸின் ஐபிக்கு எதிரே இருக்கும் மேக் முகவரியை, அதாவது அந்தச் சாதனத்துக்கே உரிய அடையாள எண்ணை, எழுதிக்கொள்ளுங்கள். அறுபடும்போது மறுபடி ஓட்டுங்கள். மேக் மாறியிருந்தால் திருடன் அகப்பட்டான். நாஸை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு அதன் முகவரிக்குப் பிங் கொடுப்பது இன்னொரு வழி; அணைத்த பிறகும் வேறு ஏதோ ஒன்று பதில் சொன்னால் அங்கே இரண்டாவது ஆள் இருக்கிறார்.

முகவரியே மாறிப்போவது இதன் தம்பி. ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் நாஸுக்கு வேறு எண் கிடைக்கும். ஐபி எண்ணை வைத்து மேப் செய்த இசட் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ரூட்டர் முகவரி வழங்கும் வேலையை அமைக்கும் டிஎச்சிபி பக்கத்தில் நாஸின் மேக் முகவரிக்கு ஒரு எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள். டிவிஆர் போன்ற கையால் எண் போட்ட சாதனங்களை ரூட்டர் வழங்கும் எண் வரிசைக்கு வெளியே தள்ளிவிடுங்கள். எந்தச் சாதனத்துக்கு எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி ரூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்தால் அடுத்து வரும் கேமராக்காரருக்கும் உபகாரம்.

அடுத்தது இரண்டு ரூட்டர். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் வைத்த பெட்டியும் ஒரு ரூட்டர்தான். சிக்னல் போதவில்லை என்று மாடிக்கு நீங்கள் இன்னொரு ரூட்டர் வாங்கி, அதன் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் உள்ளே வரும் போர்ட்டில், கேபிளைச் செருகியிருந்தால் ஒரே ஸ்டூடியோவில் இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே இருப்பவர்கள் 192.168.1 வரிசையில், மேலே இருப்பவர்கள் 192.168.0 வரிசையில். இன்டர்நெட் இரண்டிலும் ஓடும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் நாஸ் மேலே இருந்தால் கீழே இருக்கும் கணினிக்கு அது கண்ணில் படாது. நாஸ் கீழே இருந்தால் மேலிருந்து ஐபி எண் போட்டுத் திறக்கலாம், பெயரைப் போட்டால் திறக்காது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறி இறங்கும்போது இசட் வந்து வந்து போவதற்கு இது நல்ல காரணம். இரண்டாவது ரூட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள், தீர்ந்தது. வைஃபையில் கெஸ்ட் நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்ட லேப்டாப்புக்கும் நாஸ் தெரியாது. பொதுவாகவே, வைஃபையில் இருந்துகொண்டு நாஸில் உள்ள 4கே ஃபைலை நேரடியாக எடிட் செய்வது வம்பை விலை கொடுத்து வாங்குவது. எடிட் செய்யும் கணினி எல்லாம் கேபிளில் இருக்கட்டும். வைஃபை படம் காட்டுவதற்கும் காப்பி எடுப்பதற்கும் போதும்.

சின்னச் சின்னதாகச் சில. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருப்பவற்றை அணைத்துப் பாருங்கள். சில சுவிட்சுகளோடு இவை ஒத்துப்போவதில்லை. ஜம்போ ஃப்ரேம் என்று, தகவலைப் பெரிய பெரிய பொட்டலமாக அனுப்பும் அமைப்பை யாராவது வேகத்துக்காகப் போட்டுவிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நாஸ், சுவிட்ச், கணினி எல்லாவற்றிலும் ஒரே அளவு இல்லாவிட்டால் சின்ன ஃபைல் எல்லாம் ஓடும், பெரிய வீடியோ மட்டும் பாதியில் நிற்கும். ஒரே சுவிட்சில் ஒரு கேபிளின் இரண்டு முனையையும் யாராவது தெரியாமல் செருகிவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் முடங்கும். சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிபிடித்த மாதிரி மினுக்கும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். சின்ன நாஸ்கள் பலவற்றுக்கும் தயாரித்தவர் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 40 டிகிரி வரைதான். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் வெளியே 40ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. ஏசி அணைத்த பிறகு, கதவு மூடிய மர அலமாரிக்குள் இருக்கும் நாஸுக்கு எவ்வளவு இருக்கும் என்று நாஸே காட்டும், திறந்து பாருங்கள். ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் போனால் காலையில் நின்றுபோயிருக்கிறது என்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். அலமாரியை விட்டு வெளியே எடுங்கள், ஃபேன் தூசியைத் தட்டுங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் இந்த மாதிரி வேலைக்கு வசதி; கேபிள் மாற்றுவதையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம்.

பிங் இரண்டும் ஒழுங்காக ஓடியும் இசட் உறைகிறது என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். நாஸில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஸ்மார்ட் என்ற பகுதி இருக்கும். அதில் 5ஆம் எண், அதாவது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், இந்த இரண்டின் ரா மதிப்பு பூஜ்யமாக இருந்தால் நல்லது. வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது. நாஸுக்கென்று செய்த டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் சுமார் ஏழு விநாடியில் கைவிட்டு நாஸிடம் சொல்லிவிடும். நாஸ் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதுவரை நாஸ் காத்திருக்கும், நாஸுக்காகக் கணினி காத்திருக்கும், கடைசியில் எடிட்டிங் சாஃப்ட்வேர் பொறுமை இழக்கும். விலை குறைவு என்று டெஸ்க்டாப் டிஸ்க் போட்டிருந்தால் அடுத்த முறை மாற்றுங்கள். டிஸ்க் மேல் சந்தேகம் வந்த நிமிடமே, வேறு எதையும் செய்வதற்கு முன்னால், வாடிக்கையாளருக்கு இன்னும் கொடுக்காத கல்யாணங்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல் ஓடுகிறது என்பது பேக்கப் ஆகாது: ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும்தான் அழியும். ஒரு டிஸ்க்கை மாற்றி நாஸ் மறுபடி நகலெடுக்கும் நேரத்தில்தான் வயசான மற்றொரு டிஸ்க்குக்கும் அதிக வேலை.

இனி அந்தப் புது லேப்டாப். விண்டோஸ் 11 புரோவில், 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இரண்டு விஷயத்தைக் கறாராக்கியது. பெயர், பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக ஷேருக்குள் போவது நின்றது. எஸ்எம்பி செய்தி ஒவ்வொன்றிலும் கையொப்பம் கட்டாயமானது. உங்கள் நாஸில் ஷேர் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்றால் பழைய கணினிகள் உள்ளே போகும், இது வாசலிலேயே நிற்கும். நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று யாருமே போடாத ஒரு கொள்கையைக் காரணம் சொல்லும். இந்தக் கெடுபிடியைத் தளர்த்தும் வழிகள் இணையத்தில் கிடைக்கும். அவற்றைச் செய்யாமல் நாஸில் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் உண்டாக்குங்கள், நாஸுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். பெரும்பாலும் அதிலேயே லேப்டாப் உள்ளே போய்விடும். பாஸ்வேர்டு கேட்கும்போது லேப்டாப்பைத் திறக்கும் பின் எண்ணைப் போடாதீர்கள். அது அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான், நாஸுக்கு அது யாரென்றே தெரியாது.

யூசர் மாற்றும்போது எல்லாக் கணினியிலும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து நாஸின் பழைய பதிவுகளை நீக்குங்கள். பழைய பாஸ்வேர்டு அங்கே கிடந்தால் விண்டோஸ் அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். பல நாஸ்களில் தவறான பாஸ்வேர்டு சில முறை வந்தால் அந்தக் கணினியின் முகவரியையே தடை செய்யும் வசதி உண்டு. ஒரு கணினிக்கு மட்டும் திடீரென்று நாஸ் முழுதாக மறைந்தால் நாஸில் தடைப்பட்டியலையும் பாருங்கள். 1219 என்ற பிழை எண் வந்தால் ஒரே கணினியிலிருந்து ஒரே நாஸுக்கு இரண்டு யூசர் பெயரில் போக முயல்கிறீர்கள். விண்டோஸ் அதை அனுமதிக்காது. பழைய மேப்பைத் துண்டித்து, ஒரே பெயரில் மறுபடி மேப் செய்யுங்கள்.

ஒருவேளை சர்வீஸ் செய்கிறவர் எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐ ஆன் செய்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்வார். நாஸ் மிகப் பழசு என்றால் சரியாகவும் செய்யும். ஆனால் 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது அந்த எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக விலக்கத் தொடங்கிவிட்டது. ஊரார் கல்யாணப் படம் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் இடத்தில் அந்தக் கதவைத் திறந்து வைக்க நான் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ரூட்டரில் நாஸை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவதும் அதே ரகம்.

எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் எடிட்டிங்கில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால் நிம்மதி. ப்ராஜெக்ட் ஃபைலும், எடிட்டிங் சாஃப்ட்வேர் தற்காலிகமாக எழுதும் கேஷ் ஃபைல்களும் அந்தந்தக் கணினியின் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பெரிய கிளிப்புக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் ஒரு சின்ன நகல், உண்டாக்கி அதையும் எஸ்எஸ்டியிலேயே வையுங்கள். ஒரிஜினல் மட்டும் நாஸில். அப்போது இசட் ஒரு நிமிடம் போனாலும் வேலை நிற்காது. ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் தினமும் மாலையில் நாஸுக்கு ஒரு காப்பி போட மறக்காதீர்கள்.

நாஸை மாற்றுவதா என்று கேட்டீர்கள். எஸ்எம்பி 1 தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது என்றால் மாற்றுங்கள். தயாரித்தவர் ஃபர்ம்வேர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டார் என்றாலும், நல்ல அடாப்டரும் நல்ல கேபிளும் போட்ட பிறகும் அது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றாலும் அப்படியே. இந்த மூன்றில் எதுவும் இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு யூபிஎஸ், நல்ல கிகாபிட் சுவிட்ச், முழுச் செம்பு கேபிள், பேக்கப்புக்கு ஒரு பெரிய வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிவிடுங்கள். பிங் ஜன்னலில் நாஸ் மட்டும் நிற்கிறதா, இரண்டும் நிற்கிறதா என்பதையும், ஈவன்ட் வியூவரில் வந்த எண்ணையும் எழுதினால் மேற்கொண்டு எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.